வில்ஃப்ரெட் சக்டனின் வலது கை

1972 மார்ச் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நடிகர் வில்ஃப்ரெட் சக்டனின் இடது கை முழங்கைக்குக் கீழே மரத்துப்போனது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிந்து ஹாலிஃபாக்ஸுக்கு மறுபடி நிலக்கரி வந்த வாரம் அது. சக்டன் வீட்டின் பின்புறம் நின்று கரி வாளியைத் தேடினார். வாளி அவர் கையில்தான் இருந்தது. அதே நேரத்தில், பதினைந்து மைல் தள்ளி லீட்ஸில், தொலைக்காட்சி நிலையத்தின் நிலவறையில், அவர் ஆறு ஆண்டுகள் ரயில் நிலைய அதிகாரியாக நடித்த தொடரின் ஒளிப்பதிவு நாடாக்களை மேசை அகலக் காந்தம் ஒன்றின் மேல் வைத்து அழித்தார்கள். பிற்பகலில் அவற்றில் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்தைப் பதிந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு சக்டனின் இடது கையிலிருந்து குதிரைகள் ஓடும் சத்தம் வரத் தொடங்கியது.

டாக்டர் ஹார்கர் ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு பந்தயம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். ‘இடது முன்கை: உணர்ச்சி இல்லை. குதிரைகள்: பதினொன்று’ என்று அட்டையில் எழுதினார். கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டு சிரில் பாரக்ளோ விஷயம் தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

“வில்ஃப், கையக் குடுப்பா. மூணாவது பந்தயம் வரப்போகுது.”

“அதே குதிரைதான் ஜெயிக்கும், சிரில்.”

“தெரியும். ஆனா கடைசித் திருப்பத்துல அந்தச் சாம்பல் குதிரை முந்திடுமோன்னு இருக்கு பாரு, அதுக்காகத்தான்.”

சக்டன் கம்பள ஆலைத் தொழிலாளியின் மகன். போர் முடிந்ததும் வாரம் ஒரு நாடகம் போடும் குழுவில் சேர்ந்தார். திங்கட்கிழமை ஒரு நாடகம் தொடங்கும்போதே அடுத்த திங்கட்கிழமைக்கானதை மனப்பாடம் செய்ய வேண்டும். அவருக்கு வசனம் நிற்காது. மேடையின் ஓரத்தில் புத்தகத்துடன் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுக்கும் வேலை டோரீன் என்ற பெண்ணுக்கு. அவளுடைய வேலையில் பாதி அவரால் வந்தது. 1949இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் முன்னால் உறுதிமொழி சொல்லும்போதும் அவர் நடுவில் நின்றுவிட, டோரீன் மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பின்னர் அவர் தொலைக்காட்சிக்குப் போனபோது அவளும் அதே வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு பொத்தான் தந்தார்கள். அதை அழுத்தினால் ஒலிப்பதிவு நிற்கும். அந்த இடைவெளியில் அவள் வரியைச் சொல்வாள். வீட்டில் பார்ப்பவர்களுக்கு இரண்டு நொடி மௌனம் மட்டும் தெரியும். சக்டன் யோசித்துப் பேசும் நடிகர் என்று பெயர் வாங்கினார். பதினான்கு ஆண்டுகள் அவள் அவருக்குச் சொல்லாத வரி இல்லை. அவள் குரல் எந்த நாடாவிலும் இல்லை.

நாடாக்கள் ஏன் அழிக்கப்படுகின்றன என்பது சக்டனுக்கு நன்றாகத் தெரியும். 1959இல் மான்செஸ்டரில், ஒரு தேவாலயத்தின் மாடியறையில் நடிகர் சங்கக் கூட்டம் நடந்தது. எந்த நாடகத்தையும் இரண்டு முறைக்கு மேல் ஒளிபரப்பக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். “பழசையே திரும்பத் திரும்பப் போட்டா, புதுசா நமக்கு யார் வேலை குடுப்பா?” என்று கேட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. வலது கையில் தேநீர்க் கோப்பை இருந்ததால் சக்டன் இடது கையை உயர்த்தினார். மூன்றாவது முறை காட்ட முடியாத நாடாவை வைத்திருக்க எந்த நிலையத்திலும் இடம் இல்லை. இடது கை முதலில் போனதற்கு இதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். காரணம் எதுவும் இல்லை, பட்டியலில் அது முதலில் இருந்தது என்றாள் டோரீன்.

1973இல் ஒரு மருத்துவமனைத் தொடரை அழித்தபோது கால்கள் போயின. இடது முழங்காலில் மல்யுத்தமும் வலது முழங்காலில் சமையல் நிகழ்ச்சியும் வந்தன. சமையலில் ஒரு பெண் சூடான கொழுப்பில் மாவு ஊற்றி யார்க்‌ஷயர் புட்டிங் செய்தாள். அது எழும்பவில்லை என்று டோரீன் ஒவ்வொரு முறையும் குறை சொன்னாள். 1974இல் இரண்டு சரித்திர நாடகங்கள் போயின. நெஞ்சில் பித்தளை வாத்தியக் குழுக்களின் போட்டியும், முதுகில் வானிலை அறிக்கையும் குடியேறின. வானிலை எப்போதும் ஒரே வானிலைதான்: வடக்கே மழை, பிறகு விட்டு விட்டு மழை. டோரீன் இரவில் அவருடைய நெஞ்சின் மேல் தலையணையை வைத்துவிட்டுத் தூங்கப் பழகினாள்.

இந்த ஆண்டுகளில்தான் அவர் பெரிய நடிகரானார். ஹ்யூ பெல்லமி என்ற இயக்குநர், போரில் மகன் இறந்த தந்தி வரும்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தகப்பனாக நடிக்க அவரை லண்டனுக்கு அழைத்தார். படப்பிடிப்பில் சக்டன் தந்தியைப் படித்துவிட்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கெண்டியின் மேல் இடது கையை வைத்து, எடுக்காமல் நின்றார். சூடு அவருக்குத் தெரியவில்லை. திரையரங்குகளில் மக்கள் அழுதார்கள். அடக்கமான நடிப்பு என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு கெட்ட செய்தியைக் கேட்டு அசையாமல் நிற்க வேண்டிய நீதிபதி, ஆயர், தலைமையாசிரியர் வேடங்கள் எல்லாம் அவருக்கே வந்தன. ஒலிப்பதிவாளர்கள் குதிரைகள் கேட்காமலிருக்க அவர் கையைக் கம்பளியால் சுற்றினார்கள். ஒரு விருது கிடைத்தது. வெண்கலம், நல்ல கனம். பின்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க டோரீன் அதை முட்டுக் கொடுத்தாள். திரைப்படச் சுருளை யாரும் அழிப்பதில்லை. ஆனால் அவர் திரைப்படத்துக்கு வந்து சேர்ந்தபோது அதில் சேர்த்துவைக்க அவரிடம் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

1978 அக்டோபரில் வலது உள்ளங்கையும் விரல்களும் மட்டும் மீதி இருந்தன. நிலவறைப் பொறுப்பாளர் ஆல்பர்ட் க்ரௌதர் தொலைபேசியில் அழைத்து, சக்டன் நடித்ததில் கடைசி நாடா வியாழக்கிழமைப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார். 1961இல் எடுத்த அரை மணி நேர நகைச்சுவை. புறா வளர்ப்பவனாக நடித்திருந்தார். நாடகம் முழுவதும் அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு புறா உட்கார்ந்திருக்கும்.

“அதுல நான் ரெண்டு எடத்துல வசனத்த மறந்தேன்” என்றார் சக்டன்.

“நாலு எடத்துல” என்றாள் டோரீன். “கோட்ட எடு. போறோம்.”

லீட்ஸ் பேருந்தின் மேல்தளத்தில் டோரீன் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை சூடாக இருந்தது. விரல்மூட்டுகள் கொஞ்சம் வீங்கியிருந்தன. கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. உலகத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

க்ரௌதர் பழுப்பு மேலங்கி போட்ட ஒல்லியான மனிதர். காதில் பென்சில். மேசையில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

“ஒரு கடுதாசி போதும், மிஸ்டர் சக்டன். இத மூணாவது தடவ போடலாம்னு சங்கத்துக்கு நீங்க எழுதிக் குடுங்க. பதில் வர்ற வரைக்கும் இத நான் தொடமாட்டேன்.”

“வேற யாராவது அப்படி எழுதியிருக்காங்களா?”

“யாரும் எழுதல.”

“மத்தவங்களுக்கும் இப்படி ஆகுதா?”

“பிராட்ஃபோர்டுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கால்ல நீச்சல் போட்டி ஓடுது. எப்பவும் ஈரமா இருக்குதாம். உங்கள ரொம்ப விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க.”

சக்டன் பேனாவை எடுத்தார். அதன் குளிர்ச்சி விரல்களில் தெரிந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“அவங்க எழுதாதப்ப நான் மட்டும் எப்படி எழுதறது?” என்றார். “எல்லாரும் நிக்கறாங்க. வரிசையில நடுவுல நுழையற மாதிரி.”

“வரிசையா?” என்றாள் டோரீன். “இது ரொட்டிக்கடை இல்ல, வில்ஃப். உன் கை. போனா போனதுதான்.”

“தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தானே.”

“ஆமா, பெரிய சட்டசபை. அன்னைக்கு அந்தக் கூட்டத்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு பிஸ்கட்டுக்கு வந்தாங்க.”

சக்டன் பேனாவை மூடித் தாளின் மேல் நேராக வைத்தார். டோரீன் முப்பது ஆண்டுகள் அவருக்கு வரி எடுத்துக் கொடுத்தவள். சொல்ல மறந்தவருக்கும் சொல்ல விரும்பாதவருக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. க்ரௌதர் பக்கம் திரும்பினாள்.

“அழிச்சிட்டு அதுல என்ன பதிவீங்க?”

“ரெண்டு மணிக்கு ஸ்நூக்கர். ஆனா இது பழைய நாடா, ஓரம் தேஞ்சிருக்கு. அழிச்ச கையோட எதையாவது பதிஞ்சு சோதிச்சுப் பாக்கணும். தேறலேன்னா ஒதுக்கி வெச்சிடுவோம். ஒதுக்கினத அப்புறம் யாரும் தொடமாட்டாங்க.”

“தேறுமா?”

க்ரௌதர் நாடாவின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “தேறாதுன்னுதான் தோணுது.”

“தேறாதத எதுக்கு அழிக்கணும்?”

“பட்டியல்ல இருக்கே, மிஸஸ் சக்டன்.”

“சோதனைக்கு என்னத்தப் பதிவீங்க?”

“வழக்கமா சுவத்த.”

டோரீன் கோட்டைக் கழற்றினாள். “சுவத்த இன்னொரு நாள் பதிஞ்சுக்குங்க.”

கையுறைகளை மடித்து சக்டனின் வலது கையில் கொடுத்தாள். அவை அவள் கோட்டுப் பையிலிருந்து வந்த சூட்டுடன் இருந்தன. க்ரௌதர் நாடாவைக் காந்தத்தின் மேல் வைத்துப் பதினொரு நொடி சுழற்றினார். ஏழாவது நொடியில் புறாவின் கனம் உள்ளங்கையிலிருந்து எழுந்து போவதை சக்டன் உணர்ந்தார். பிறகு கையுறைகளின் சூடு நின்றது. அவை கையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். இருந்தன. டோரீன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் பொத்தான் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தேடினாள். இல்லை. அரை மணி நேரம் பேசினாள். இந்தப் பக்கம் அவருக்கு உதடுகள் மட்டும் தெரிந்தன. முடிந்ததும் க்ரௌதர் அட்டையில் ‘தேறவில்லை’ என்று எழுதி, நாடாவை மேல் அலமாரியில் வைத்தார். பேருந்து ஹாலிஃபாக்ஸை நெருங்கும்போது கை பேச ஆரம்பித்தது.

அவள் முக்கியமாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கையைப் பற்றிப் பேசியிருந்தாள். மாடிப்படிக்குக் கீழே எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, கரிக்காரன் எடை குறைக்கிறான், பாரக்ளோ வந்தால் இருக்கும் கேக்கையெல்லாம் எடுத்து வைக்காதே. பதினோராவது நிமிடத்தில் “முட்டை ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டு, சற்று நிறுத்தியிருந்தாள். பிறகு, “ஒண்ணு போதும்.”

டோரீனுக்கு அது பிடிக்கவில்லை. “நான் இவ்வளவா பேசறேன்?” என்று கேட்டாள். கை அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. சில ஆண்டுகள் அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு டோரீன்கள் இருந்தார்கள். பாரக்ளோ கேக் வரியைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் வராமலிருந்தார். பிறகு குதிரைகளுக்காக வந்தார். சக்டன் இன்னும் பதினொரு படங்களில் நடித்தார்.

1990 பிப்ரவரியில் டோரீன் நிமோனியாவில் இறந்தாள். கடைசி நாட்களில் மருத்துவமனையில் அவள் கையைச் சக்டன் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருக்கிறாரா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டார். அடக்கத்தில் அசையாமல் நின்றார். எத்தனை அடக்கமான மனிதர் என்று பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவருடைய கோட்டுக்குள்ளிருந்து பித்தளை வாத்தியங்கள் மெல்லக் கேட்டன. குழுவை வெளியே நிறுத்தியிருப்பதாக நினைத்து, ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்றாள் ஸ்கார்பரோ தங்கை. முதுகில் மழை அறிவிக்கப்பட்டது. வெளியே மழை பெய்தது.

அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் கடிதம் எழுதினார். பழைய நிகழ்ச்சிகளை இப்போது தேடிச் சேர்க்கிறார்களாம். அவருடைய நாடாக்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். அவரிடம் ஏதாவது இருக்கிறதா? வீட்டில் குதிரைப் பந்தயம், மல்யுத்தம், சமையல், வாத்தியம், வானிலை எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, வந்து கேட்கலாம் என்று சக்டன் பதில் எழுதினார். வலது கையைப் பற்றி எழுதவில்லை. அந்த இளைஞர் வரவில்லை.

அவர் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். தினமும் காலை ஏழரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரை ஏற்றி, வலது கையைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பார். அது ஸ்கார்பரோவைப் பற்றிச் சொல்லும், பெட்டிகளைப் பற்றிச் சொல்லும். பதினோராவது நிமிடத்தில், முட்டை ஒன்றா, இரண்டா என்று கேட்கும். பிறகு வரும் இடைவெளி சுமார் இரண்டு நொடி. அதில் அவர் சொல்ல வேண்டிய வரியை ஒரு நாளும் மறக்கவில்லை.

“ரெண்டு” என்பார்.

“ஒண்ணு போதும்” என்பாள் டோரீன்.

அவர் ஒரு முட்டையை எடுத்துத் தண்ணீரில் போடுவார்.