குசாகா குனிய மறுத்தார்

ஃபூஜி பந்தயத் தடத்தில் நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் ஒரு கொடிய வலது வளைவு வரும். அங்கே ஓட்டுநரின் உயிர் பிரேக்கில்தான் இருக்கிறது. குசாகா தொமோனோரி பல வருடங்களாக அந்த வளைவை ஜெயித்தவர். நான் அவர் அணியில் டயர் மாற்றியவன்.

அன்று காலைப் பயிற்சி முடிந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மேலாளர் ஒனோதெராவிடம் போனார்.

"பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது, ஒனோதெரா சான். இத வச்சு ரேஸ் ஓட்ட முடியாது."

"அமுங்குறது பெடலா, உன் காலா? வயசாயிடுச்சுல்ல உனக்கு!" சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். "பிரிச்சுப் பாக்க நேரமில்ல. விளம்பரக் கம்பெனிக்காரங்க மேல உக்காந்திருக்காங்க. நீ ஏறலன்னா வேற ஆள ஏத்துவேன்."

தெரிந்தே இன்னொருவனை அந்தக் காரில் அனுப்ப குசாகாவுக்கு மனம் வரவில்லை. ஏறினார்.

பாதிப் பந்தயத்தில் அதே வளைவில் பிரேக் கைவிட்டது. குசாகாவின் கார் முன்னால் போன வேறு அணிக்காரர் இனுகாயின் கார் மீது மோத, இரண்டும் தடுப்பில் செருகின. குசாகாவுக்கு விலா எலும்பு உடைந்தது. இனுகாய்க்கு இரண்டு கால்களும் முறிந்தன.

அந்த வாரமே பத்திரிகையாளர்களைக் கூட்டினார் ஒனோதெரா. கூட்டத்துக்கு முன்னால் குசாகாவிடம், "ஓட்டுநர் தவறுன்னு சொல்லிட்டு, கேமரா முன்னாடி நல்லா குனிஞ்சு மன்னிப்பு கேட்டுரு. முடிஞ்சுது" என்றார். எங்கள் நாட்டில் ஒருவன் இடுப்பு வளையக் குனிந்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. குனியச் சொல்வதே அதற்குத்தான்!

கேமராக்கள் முன்னால் குசாகா எழுந்தார். "இனுகாய்கிட்ட ஆஸ்பத்திரியில போயி குனிஞ்சுட்டேன். அது அவருக்குச் சேர வேண்டியது. பிரேக் சரியில்லன்னு சொல்லியும் என்னை அனுப்புனவங்களுக்காக இங்க குனிய மாட்டேன்."

அன்றே அவரை நீக்கினார்கள். பழியைத் தள்ளுகிற கிழவன் என்று எழுதின பத்திரிகைகள். மற்ற அணிகளோ, "இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம்" என்று தேனொழுகச் சொல்லிக் கதவை மூடின. அத்தனை கோப்பை வாங்கிய மனிதர் யாய்சு துறைமுகத்திலிருந்து டோக்கியோவுக்கு மீன் லாரி ஓட்டினார். நானும் அந்த அணியின் வேலையை உதறிவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, கால் எலும்பில் பொருத்திய கம்பியோடு இனுகாய் பந்தயத்துக்குத் திரும்பினார். நீண்டதூரப் பந்தயத்தில் மாறி மாறி ஓட்ட இணை ஓட்டுநர் வேண்டும். குசாகாவைக் கேட்டார். இனுகாயின் அணித்தலைவர் அதிர்ந்துபோனார்.

"உன் கால ஒடச்சவருப்பா அவரு!"

"என் கால ஒடச்சது யாருன்னு எனக்குத் தெரியும். குசாகா சான் வரலன்னா என்னையும் விட்டுருங்க."

நாலாவதாக வந்தார்கள். கார் நின்றதும் குசாகா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். இனுகாய் ஊன்றுகோலோடு வந்து கதவருகே நின்றார்.

தொலைக்காட்சிக்காரர்கள் இதை மன்னிப்பின் கதை என்றார்கள். யார் யாரை மன்னித்தது? அந்த மோதலை இன்றுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒனோதெரா இப்போது ஓட்டுநர் பாதுகாப்புக் குழுவின் தலைவர்.