தலைவர் குடித்த தண்ணீர்

எங்கள் தலைவருக்குப் பத்திரிகைக்காரர்களைத் திட்டாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. மைக்கைத் தட்டிப் பார்த்ததும் முதல் வேலை அதுதான். "முன்னாடி உக்காந்திருக்கானுங்க பாருங்க, பொய்யனுங்க!" என்பார். கூட்டம் விசிலடிக்கும். நிருபர்களான நாங்கள் குனிந்த தலை நிமிராமல் அதையும் பிழையில்லாமல் குறித்துக்கொள்வோம். ரோஷம் இருப்பவன் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டான்.

இந்த முறை அவர் குறி நான். புதிய சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று ஆய்வக முடிவோடு எழுதியிருந்தேன். பதினோரு வருடத்தில் நானாக அலைந்து திரிந்து எழுதிய ஒரே செய்தி. அந்தத் தண்ணீர் போகும் தெருவில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் வயிற்றுப்போக்கில் நான்கு நாள் சுருண்டு கிடந்தாள்.

தலைவர் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை விரித்தார். "நிலையத்தைத் தெறந்த அன்னைக்கு இதே ஆளு எழுதினதைக் கேளுங்க. 'தலைவர் முதல் குவளைத் தண்ணீரை அருந்தி மகிழ்ந்தார்.' குடிச்ச நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். இப்ப சாக்கடையாம்! எவன்கிட்ட கை நீட்டினான்னு கேளுங்க!"

அந்த மகானுபாவர் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. திறப்பு விழாச் செய்தியை நாங்கள் விழாவுக்கு முன்பே எழுதிவிடுவோம். அவர் அலுவலகத்திலிருந்து காலையில் அறிக்கை வரும். அதை அப்படியே தட்டி அனுப்பிவிட்டு, கூட்டம் எத்தனை பேர் என்பதை மட்டும் பிறகு போனில் சொல்வோம். அன்று அவர் குவளையை வாங்கினார், படத்துக்குச் சிரித்தார், உதவியாளர் கையில் திணித்துவிட்டுக் காரேறினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். போனில், கூட்டம் ஐயாயிரம் என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் கேன் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. அக்கா பள்ளிக்கூட பாட்டிலைக் குழாயடியில் பிடித்திருந்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணி வேணாம்."

"அவரே குடிச்சாருன்னு நீதானேடா எழுதின?"

"அவர் குடிக்கலக்கா. நான் பாத்தேன்."

குழாயை மூடினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"பாத்துட்டா அப்படி எழுதின?"

நான் மூலையில் கிடந்த கேனைப் பிரிக்கப் போனேன்.

"உங்களையெல்லாம் பொய்யனுங்கன்னு அவரு சொல்றப்ப, என் தம்பி அப்படி இல்லேன்னு தெருவுல சண்டை போட்டிருக்கேன்டா. இப்ப சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது? பாப்பாவுக்கு வந்தது கண்டதைத் தின்னதாலதான்னு டாக்டரு சொல்லிட்டாரு."

மறுபடியும் குழாயைத் திறந்தாள். எனக்குத் தலைவர் மேல் வந்த வெறுப்பைவிட என் மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது. பாட்டிலைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். பள்ளிச் சீருடையில் நின்ற குழந்தை பயந்து அழுதாள்.

அக்கா சத்தம் போடவில்லை. காலிப் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் வந்து கவுப்பியா?" என்று கேட்டுவிட்டு, அதைத் திரும்பவும் குழாயடியில் வைத்தாள்.