நாணில் மூன்று விரல்கள்

சுனாமி வந்த காலையில் புனிதம் ஒரு கையால் தென்னையைக் கட்டிப் பிடித்திருந்தாள். மற்றக் கையால் புருசன் யாக்கோப்பின் சேட்டுக் கொலரைப் பிடித்திருந்தாள். தண்ணீர் வடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. யாக்கோப்பு பிழைத்தான். ஆனால் அவனைப் பிடித்திருந்த அவளுடைய வலது கை அதன்பிறகு சரியாக விரியவேயில்லை. விரல்கள் மடங்கிக் கிடந்தன. தோளும் இறுகிவிட்டது. அவளுக்குக் கொண்டை முடிந்து விடுவது யாக்கோப்புத்தான்.

முள்ளியவளைப் பக்கம் தகரக் கொட்டில்கள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கடல் அங்கிருந்து ஐந்தாறு மைல். அங்கேயும் அவள் புருசனை விடவில்லை. அவன் கிணற்றுக்குப் போனால் பின்னாலேயே போவாள். கக்கூசுக்குப் போனால் வெளியே நிற்பாள். படுத்தாலும் கண் மூடாள். அவனுடைய மூச்சைக் கேட்டபடி கிடப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. இருந்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

நிவாரணமாகக் கிடைத்த புது வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மற்றவர்கள் கடல் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். யாக்கோப்பு விறகு கொத்தினான், வேலி அடைத்தான். கடலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஷமீலா வந்தாள். வவுனியாக்காரி. கை கால் வழங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. கிழமைக்கு மூன்று நாள் அங்கேயே தங்குவாள். சுடுதண்ணீர், எண்ணெய், றப்பர் பந்து என்று எல்லாம் செய்து பார்த்தாள். புனிதத்தின் கை அசையவில்லை. மழை ஓய்ந்த தை மாதத்தில், யாரோ அனுப்பிய விளையாட்டுச் சாமான் பெட்டி ஒன்று வந்தது. அதற்குள் இரண்டு வில்லும் ஒரு கட்டு அம்பும் இருந்தன.

"வில்லோ? எனக்கோ?" என்றாள் புனிதம்.

"ஓம் அக்கா. தோளுக்கும் முதுகுக்கும் நல்லம். நான் ரெண்டு கிழமைதான் பழகினனான், அரைகுறை. ரெண்டு பேருமாப் பழகுவம்."

கொட்டில்களுக்குப் பின்னால் வெறும் தரவை வெளி. உரப்பைக்குள் வைக்கோலை அடைத்து, வள்ளத்துக்குப் பூசுகிற நீலப் பெயின்றால் வட்டம் போட்டு, ஒரு பனங்குற்றியில் சாய்த்து வைத்தார்கள். யாக்கோப்பு வேலியோரம் குந்தியிருந்தான். அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் புனிதம் வில்லைத் தூக்கினாள்.

முதல் நாள் நாண் ஒரு சாண்கூட வரவில்லை. நாலாம் நாள் நெஞ்சுவரை வந்தது. இரண்டாம் கிழமை தாடையைத் தொட்டது. ஆனால் விட முடியவில்லை. மடங்கிய மூன்று விரல்களும் நாணைப் பற்றிக்கொண்டு நின்றன. நெற்றி வியர்த்தது.

"ஏலாது பிள்ளை. இது விடாது."

"விடாட்டிப் பரவாயில்லை அக்கா. மூச்சை உள்ளுக்கு எடுங்கோ. வட்டத்தை மட்டும் பாருங்கோ. பிறகு மெல்லமா நாணைத் திருப்பிக் கொண்டு வாங்கோ."

அப்படியே நாட்கள் போயின. இழுப்பாள், நிற்பாள், திருப்பிக் கொண்டு வருவாள். அம்பு போகாத அந்த நிற்பில் என்னவோ இருந்தது. மாலை வெயில் தரவையில் மஞ்சளாகப் படுத்திருக்கும். தூரத்தில் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குளத்துப் பக்கம் போகும். ஒரு வருடமாகக் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த தண்ணீர், நாண் தாடையைத் தொடும்போது எங்கோ வடிந்து போகும். நீல வட்டம் மெல்ல மெல்லப் பெரிதாகி, உலகத்தில் அது ஒன்றே மிச்சம் என்பதுபோல மிதக்கும். அதற்குள் பயமும் இல்லை, நினைப்பும் இல்லை. தன் நெஞ்சு அடிப்பது அவளுக்கு யாருடைய வீட்டிலோ நெல்லுக் குற்றுவதுபோல இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த மிதப்பில் நிற்கையில் விரல்கள் தாமாகவே திறந்தன. அவள் விடவில்லை, அது போயிற்று. 'விண்' என்ற ஓசை மட்டும்தான் கேட்டது. அம்பு வட்டத்தையும் பையையும் தாண்டி ஈச்சம் பற்றைக்குள் மறைந்தது. மூன்று பேரும் அரை மணித்தியாலம் தேடினார்கள். முள் கிழித்த காலோடு அம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாக்கோப்பு வெளியே வந்தபோது புனிதம் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கண்டு பதின்மூன்று மாதம்.

பிறகு கை நாளுக்கு நாள் இளகியது. கூன் போட்டு நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள். பசி எடுத்தது. ஒரு காலை, யாக்கோப்பு சீப்பை எடுப்பதற்குள் தானே கொண்டையை முடிந்துவிட்டாள், கோணலாகத்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு நாள். எட்டு அம்புகளையும் எய்து, பிடுங்கி வந்து, மறுபடி எய்தாள். ஐந்து வட்டத்துக்குள். திரும்பிப் பார்த்தால் வேலியோரத்தில் யாக்கோப்பு இல்லை. பழைய தண்ணீர் கால்வரை வந்தது. அவள் ஓடவில்லை. மூச்சை உள்ளே எடுத்து, வில்லை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் யாக்கோப்பு வந்தான்.

"எங்கை போனனீங்கள்?"

"தேத்தண்ணிக் கடைக்கு. போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். நீ காணேல்லையோ?"

"இல்லை."

யாக்கோப்பு அவளருகில் குந்தினான். காற்றில் வைக்கோல் துரும்புகள் பறந்தன.

"இஞ்சருங்கோ," என்றாள் புனிதம். "வள்ளத்தை எப்ப இறக்கிறியள்?"

யாக்கோப்பு அவளுடைய வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தான். நாண் உரசிய மூன்று விரல்நுனிகளும் காய்த்திருந்தன. "கடல் படுத்துக் கிடக்குது," என்றான். "நாளையிண்டைக்கு இறக்கலாம்."

வள்ளம் இறக்கிய அந்த விடியலில் அவள் கரைக்குப் போகவில்லை. வேலிப் படலையடியில் நின்று அவன் சைக்கிள் போவதைப் பார்த்தாள். வளைவில் மறைந்ததும் உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.

பத்து மணிக்கு யாக்கோப்பு பாரை மீனோடு வந்தான். கதவு திறந்திருந்தது. புனிதம் வாய் லேசாகத் திறந்தபடி, கைகள் இரண்டையும் விரித்துப் போட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். அவன் சத்தமில்லாமல் மீனை வெளியே கொண்டுபோய் வெட்டத் தொடங்கினான்.

பின்னேரப் பயிற்சிக்குச் சொல்லிவிட்டுப் போக ஷமீலா வந்தாள்.

"அக்கா எங்கை?"

"நித்திரை," என்றான் யாக்கோப்பு, குரலைத் தாழ்த்தி. "எழுப்பாதேங்கோ பிள்ளை. இருங்கோ, மீன் குழம்பு வைக்கிறன். சாப்பிட்டிட்டுப் போகலாம்."