தண்ணீரின் மேல் தீ

விடியுமுன் இங்கிலாந்தின் ஆர்வெல் ஆற்றுக்குள் இறங்கினால் குளிர் முதலில் பல்லைத்தான் பிடிக்கும். இடுப்பளவு நீரில் நின்று, கடல் விமானத்தின் இடது மிதவையைத் தோளால் முட்டிக்கொடுத்தான் ரூபன் கேட்ச்போல். வலது மிதவையில் சேத் லார்ட்டர். முதல் உலகப் போரின் மூன்றாவது குளிர்காலம். கரையிலிருந்த பட்டறையில் கட்டும் விமானங்களெல்லாம் கடற்படைக்கு. அவற்றை ஆற்றில் தள்ளுவதும் திரும்ப இழுத்துக் கரைசேர்ப்பதும் இவர்கள் வேலை.

"பெட்ரோல் சொட்டுது ஐயா!" சேத் கத்தினான். "என் தலையிலயே விழுது. குழாய மாத்தாம விடாதீங்க."

கரையில் முதலாளி கிரிம்வேட் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நேத்தும் சொட்டிச்சு, நேத்தும் பறந்துச்சு. கடல்ல ஜெர்மன்காரன் காத்துக்கிட்டிருக்கான். தள்ளுங்கடா!"

"அவன் வர்றதுக்குள்ள இவரே நம்மளக் கொளுத்திருவாரு" என்றான் சேத். ரூபன் சிரித்தான்.

மேலே இருந்த இளம் விமானி எய்ன்ஸ்லி கையசைத்தான். விமானம் நீரைக் கிழித்து ஓடி எழும்பியது. மர உச்சியைத் தாண்டுமுன்னே எஞ்சினிலிருந்து தீ சீறியது. எய்ன்ஸ்லி திருப்பி ஆற்றில் இறக்கப் பார்த்தான். வார்னிஷ் பூசிய இறக்கைத் துணி ஒரே மூச்சில் பற்றிக்கொள்ள, எரிகிற பந்தமாக வந்து அவர்கள் முன்னால் விழுந்தது.

அலை ரூபனைத் தூக்கி அடித்தது. எழுந்து பார்த்தபோது தண்ணீரே எரிந்துகொண்டிருந்தது. சேத் அதற்குள் பாய்ந்து விமானியின் இடைவாரை அறுத்துக்கொண்டிருந்தான். "விட்டுட்டு வாடா!" என்று ரூபன் அலறியதும் பெட்ரோல் தொட்டி வெடித்தது. தீக்குள் கைநீட்டி ரூபன் பிடித்த சேத்தின் கைத்தோல் கையுறைபோலக் கழன்று வந்தது.

எய்ன்ஸ்லி தீயிலேயே போய்விட்டான். சேத் உச்சிப்பொழுதுவரை கத்திக்கொண்டே கிடந்து அடங்கினான்.

மறுநாள் விடியலில், ஆற்றுக்குள் இறங்கும் சரிவுமேடையில் அடுத்த விமானம் தள்ளுவண்டிமேல் நின்றது. அதே மாதிரிக் குழாய். அடியில் அதே ஈரம்.

"எனக்கும் வருத்தந்தான்" என்றார் கிரிம்வேட். "ஆனா வேலை நிக்காது."

ரூபன் கட்டுப்போட்ட கைகளைத் தொங்கவிட்டு நின்றான். "குழாய மாத்துங்க. தள்ளுறோம்."

"உன்னைப் போர்ல இருந்து விலக்குன சீட்டைப் பிடுங்கிட்டா நாளைக்கே பிரான்சு போர்முனையில கிடப்ப, தெரியுமில்ல?"

"அங்க கொல்றவன் எதிரின்னாவது தெரியும் ஐயா."

அப்போது இறக்கைகளுக்கு வார்னிஷ் பூசும் கொட்டகையின் கதவு திறந்தது. சேத்தின் தங்கை கெசியா முன்னால் வந்தாள். வார்னிஷ் நெடியில் இருமிக்கொண்டே மற்றப் பெண்கள் பின்னால் வந்தார்கள். கெசியா நேராகப் போய் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு இங்க என்ன? போய் இறக்கைக்குப் பூசு!" என்று கத்தினார் கிரிம்வேட்.

"நாங்க பூசப் பூச நீங்க ஆளோட சேர்த்துக் கொளுத்துறீங்க. இனிமே எதுக்குப் பூசணும்?"

ரூபன் அவளருகே உட்கார்ந்தான். பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். "வீட்ல பிள்ளைங்க இருக்குதே" என்று முனகிய தச்சன் அம்புரோசும் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தான். கிரிம்வேட் முகம் சிவந்து, பட்டாளத்தைக் கூப்பிடத் தொலைபேசிக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் பட்டாள லாரி சாலையில் திரும்பும் உறுமல் கேட்டது. வரிசையில் கைகள் கோத்துக்கொண்டன. ரூபனின் வெந்த கையைப் பிடிக்க முடியாமல், கெசியா அவன் முழங்கைக்குள் தன் கையை நுழைத்து இறுக்கினாள்.

"வலிக்குதா?"

"வலிக்கட்டும். விட்றாத."

லாரியின் பின்கதவு தடாலென்று இறங்கியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.