ஒன்றுமே சாப்பிடாத குழந்தைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பாண்டி பஜாரில், ஒரு பாத்திரக் கடையில் கிடைத்தது. "எம்புள்ள எதையுமே தொடறதில்லீங்க" என்று ஒரு அம்மாள் கடைக்காரரிடம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த பையன் இரண்டு கையிலும் முறுக்கு வைத்திருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

'தொண்ணூற்றாறாம் ஆண்டு. நொச்சிக்குப்பத்துக் கடலின் மேல் செஞ்சூரியன்...' வேண்டாம். சூரியனை விட்டுவிடலாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

சிந்து மயிலாப்பூர்ப் பெண். அடையாற்றில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. சின்னக் குழந்தைகளின் உடம்பையும் வளர்ச்சியையும் எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்பது ஆராய்ச்சி. தொங்குதராசைத் தூக்கிக்கொண்டு நொச்சிக்குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"குழந்தை நல்லா சாப்பிடறானா?"

"எங்கம்மா துன்றான்! பச்சத் தண்ணியக் குட்ச்சிக்கினு கெடக்கறான்" என்றாள் முதல் வீட்டுப் பங்கஜம். பிள்ளையைத் தராசில் மாட்டினால் முள் எகிறியது. அடுத்த வீட்டிலும் அதே புலம்பல், அதே எகிறல்.

சிந்துவின் குறிப்பேட்டைப் பார்த்த பேராசிரியை காமாக்ஷி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, உன் குழந்தைகள்லாம் காத்தக் குடிச்சுண்டே வளர்றதா?"

[கண் பட்டுவிடுமே என்ற பயம்தான், வேறென்ன! இதில் குப்பம், மாடவீதி என்ற பேதமெல்லாம் கிடையாது. வாசகரே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?]

3

கடைசி வீடு தாயம்மாவுடையது. அவள் மட்டும் சொன்னாள்: "நல்லா துன்றாம்மா. சூப்பரா கீறான்."

அப்பாடா, உண்மை பேசும் ஒரு தாய்! சிந்துவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. (அவளைக் கொஞ்சம் அசடாக்கிவிட்டேன். அடுத்த வரியில் சரிசெய்கிறேன்.) பிள்ளையைத் தராசில் மாட்டினாள். முள் நகரவே யோசித்தது. இரண்டு வயதுப் பையன், அழக்கூட இல்லை.

"அக்கா, இவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நானும் வரேன்."

"அதான் துன்றான்னு சொன்னேன்ல?"

"எல்லாரும் சாப்பிடலைங்கறாங்க, நீங்க மட்டும் ஏன்..."

"அதுங்க புள்ள துன்னுது. அதான் துன்லன்னு தைரியமா சொல்லுதுங்கோ. எம்புள்ள நெஜமாவே துன்லம்மா. அத்த என் வாயால எப்டிச் சொல்லுவேன்?"

சிந்து பேனாவை மூடிவைத்தாள். எழுதிக்கொண்டிருந்த நானும்தான். தாயம்மா மூத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வெறுங்கையோடு திரும்பியவள். இதை அவள் சொல்லவில்லை, பங்கஜம் சொன்னாள்.

4

முடிவு ஒன்று: பிள்ளை தேறிவிடுகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். பாதி எழுதினேன். கல்யாண வீடியோ மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அடுத்த வாரம் சிந்து போனபோது தாயம்மாவின் வாசலில்

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

இப்போதைக்கு நடந்தது இவ்வளவுதான்: கடற்கரைச் சாலையில் ஆட்டோ நிற்கிறது. சிந்து உள்ளே நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். தாயம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி வெளியே நிற்கிறாள்.

அடுத்த வரி உங்களுடையது. எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஒரு குறையும் சொல்லமாட்டேன். அவளை ஆட்டோவில் ஏற்றி மட்டும் விடுங்கள்.