318ஆம் நம்பர் ஸ்லைடு

தாழம்பாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் 318ஆம் நம்பர் ஸ்லைடு முதன்முதலாக இருமியது 1970ஆம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். விரல் நீளமுள்ள கண்ணாடித் துண்டு அது. அதன்மேல் சாயமேற்றிக் காயவைத்த சளி ஒரு பொட்டளவு. மரப்பெட்டிக்குள் மற்ற ஸ்லைடுகளோடு சேர்ந்து நின்றிருந்தபோது மூன்று முறை இருமி, கொஞ்சம் இழுத்து, நாலாவதை அடக்கிக்கொண்டது. அப்போது அங்கே இருந்தவர் டெக்னீஷியன் பாஸ்கல் ஒருவர்தான். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. எந்த நம்பர் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒருவர், மேலத்தெரு நடேசன் பெண்சாதி அமுதம் சற்று முன்தான் ரத்தம் கக்கி இறந்துபோனாள் என்று சொல்லிவிட்டு, மேளக்காரர் வீட்டைப் பார்த்துப் போனார்.

சளிப் பரிசோதனை அந்த நாளில் நடந்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாஸ்கல்மேல் வீண்பழி விழும். நியாயமான பழியே அவருக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. சளி பிடிப்பதற்குச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. அவற்றை வேகவைத்து வேகவைத்து மறுபடி எடுப்பார்கள். ஈரப்புட்டியில் மெழுகுப் பென்சில் பிடிக்காது, தகர மூடியில் நன்றாகப் பிடிக்கும். ஆகவே நோயாளியின் நம்பரை மூடிமேல்தான் எழுதுவார்கள். பாஸ்கலுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் எழுதினார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம் என்று சொல்லிவிட்டால் புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூன் வட்டாரத்தில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. புட்டியைத் திறந்தவுடன் நம்பர் ஒரு கையிலும் சளி ஒரு கையிலுமாகப் பிரிந்துபோகிறதே என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பாஸ்கல் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். 1969இல் ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, மாதா கோயில் தேர். சாயங்காலத்துக்குள் சைக்கிள் மிதித்து ஊர் போய்ச் சேரவேண்டும். மேசையில் எட்டுப் புட்டிகள் காத்திருந்தன. ஒன்றைத் திறந்து, ஸ்லைடில் தடவி, மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கவேண்டும் என்பது விதி. பாஸ்கல் எட்டையும் ஒன்றாகத் திறந்துவைத்தார். முழங்கை பட்டு இரண்டு மூடிகள் மேசைக்கடியில் உருண்டன. குனிந்து எடுத்துப் பார்த்தார். ஒன்று 317, இன்னொன்று 318. எது எந்தப் புட்டியுடையது? இது இதற்குத்தான் என்று மனசு சொன்னது. மனசு சொன்னதா, அவசரம் சொன்னதா என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. சளி கொடுத்த இரண்டு பெண்களும் மேலத்தெருவில் அடுத்தடுத்த வீடு. பத்து நிமிஷம் நடந்து போய், இன்னொரு தடவை துப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. தேருக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார், கூட்டம் அந்த வருஷம் அதிகம்.

318இல் காசநோய்க் கிருமிகள் சிவப்புச் சிவப்பாக அப்பிக் கிடந்தன. 317இல் ஒன்றுமில்லை. பதிவேட்டின்படி 318 தையலம்மாள், 317 அமுதம். இருவரும் ஒரே வெல்லக் கொட்டகையில் அடுப்புக்குக் கரும்புச் சோகை தள்ளும் வேலைக்காரிகள், இருவருக்கும் இருமல். தையலம்மாளுடையது வெறும் புகையிருமல், பருவம் முடிந்து அடுப்பு அணைந்ததும் தானாக நின்றிருக்கும். அப்படியேதான் நின்றது. ஆனால் அதற்குள் ஊசி போட ஆரம்பித்திருந்ததால் பெயர் ஊசிக்குப் போயிற்று. நாளுக்கு ஒன்றாகத் தொண்ணூறு ஊசி. ஐம்பதாவது ஊசியில் காதுக்குள் வண்டு ரீங்காரமிட்டது, எழுபதில் கோயில் மணி கேட்கவில்லை, தொண்ணூறில் உலகத்தில் எதுவுமே கேட்கவில்லை. அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். "காது போனா போவட்டும், உசுரு நின்னுதே" என்றாள் தையலம்மாள். அன்றிலிருந்து பாஸ்கலைச் சாமி என்று கூப்பிட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்பைத் தலையில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பிள்ளையில்லை. அமுதம் இறந்து, நடேசன் மடுகரையில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனபோது, அமுதத்தின் மகள் ஆண்டாளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். ஆண்டாள் அவளைப் பெரிம்மா என்று கூப்பிட்டாள். மீந்த உயிரை எதற்காவது செலவழிக்கவேண்டும் என்பது அவள் கணக்கு.

இதுவரைக்கும் உள்ளதைப் பிழை என்று சொல்லலாம். பிழை யாருக்கும் வரும். இதற்குமேல் உள்ளதற்கு அந்தப் பெயர் போதாது. சாவதற்கு முன் அமுதம் இரண்டு தடவை திரும்ப வந்தாள். முதல் தடவை அவள் இளைத்திருந்ததைப் பாஸ்கல் பார்த்தார். மறுபடி சளி எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பார்த்தால் அதில் கிருமி இருந்துவிடுமோ என்றும் தோன்றியது. இருந்துவிட்டால் மூடி மாறியது வெளியே வரும், தையலம்மாளுக்குக் காது போனது வீண் என்று வெளியே வரும். "ஒனக்குச் சளி பாத்தாச்சும்மா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி இருமல் மருந்துக்குச் சீட்டைத் தள்ளினார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்.

ஸ்லைடு இருமுவது ஒரு வருஷத்துக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. மழைக்காலத்தில் கூடும், சித்திரையில் குறையும், சோகைப் புகை காற்றில் வந்தால் இழுத்து இழுத்து இருமும். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "இன்னாபா, இன்னிக்கு ரொம்ப இருமுது" என்று விசாரித்துக்கொண்டார்கள். மாற்றலாகிப் போன டாக்டர் வரப்போகிற டாக்டருக்கு எழுதிக்கொடுத்த பொருள் பட்டியலில், மைக்ராஸ்கோப் ஒன்று, அடுப்பு ஒன்று, இருமும் ஸ்லைடு ஒன்று என்று இருக்கும். பாஸ்கல் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தார். சாமியார் ஜெபமாலை சொல்லச் சொன்னார். பாஸ்கல் அதையும் சொன்னார், ஸ்லைடு கேட்கவில்லை. பஞ்சில் சுற்றி வைத்தார், பஞ்சுக்குள்ளிருந்து இருமியது. உடைத்துப்போட அவருக்குக் கை வரவில்லை. புதுச்சேரிக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். தையலம்மாள் கரும்போடு வரும் நாளில் மட்டும் வாசல் கேட்டிலேயே போய் நின்று வாங்கிக்கொள்வார். செவிடான பெண்ணுக்கு எதுவும் கேட்காது என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தார். அந்தக் கரும்பை அவர் ஒரு துண்டுகூடக் கடித்ததில்லை.

1979இல் டாக்டர் சிவப்பிரகாசம் ஜீப்பில் வந்து இறங்கினார். தேசம் முழுக்க அரசாங்க ஆய்வுக்கூடங்களைச் சீர்செய்யக் கிளம்பிய குழுவில் ஒருவர். குள்ளமான மனிதர், மதியச் சாப்பாட்டை மறந்துவிடுகிறவர். எட்டு மாநிலங்களைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். போன இடமெல்லாம் டெக்னீஷியன்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: நீங்கள் செய்த பிழை என்ன? பிழை தெரிந்தால்தான் விதி எழுதமுடியும் என்பது அவர் கட்சி. முக்கால்வாசிப் பேர் ஒன்றுமில்லை சார் என்றார்கள். அவர் பாஸ்கலிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு முடிக்கும்போது பெட்டிக்குள் ஸ்லைடு இருமியது. டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தன வருஷமா?"

"ஒம்பது ஆவுது சார்."

"பரவால்ல. ஒரு எடத்துல ஒரு சொட்டு ரத்தம் இருபது வருஷமா காயாம இருக்கு. இன்னொரு எடத்துல பதிவேட்டுல ஒரு பேரு மட்டும் தெனம் காலைல ஈரமா இருக்கும். அனேகமா எல்லா லேப்லயும் ஒண்ணு இருக்கு பாஸ்கல். படிவத்துல இதரன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல எழுதுவேன். இது எப்படி வந்துச்சு, அதச் சொல்லுங்க."

பாஸ்கல் மூடி உருண்ட கதையைச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். இதே மூடி வழக்கம் தான் பார்த்த நூற்றுச்சொச்சம் இடங்களிலும் இருப்பதாகவும், நம்பரைப் புட்டியின் உடம்பில் எழுதவேண்டும் என்று சுற்றறிக்கை விட நிரூபணமான ஒரு சம்பவத்துக்காகத்தான் மூன்று வருஷமாக அலைவதாகவும் சொன்னார். ஆனால் சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்கும் விஷயத்தைத் தெரிவித்து, அவர்களிடமோ வாரிசிடமோ கைநாட்டு வாங்கினால்தான் மேலே ஏற்றுக்கொள்வார்கள். "நீங்களே போய்ச் சொல்றது நல்லது" என்றார். அமுதம் திரும்ப வந்த இரண்டு தடவைகளைப் பாஸ்கல் சொல்லவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்லைடைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைத் திண்டும் படிவமுமாகப் பாஸ்கல் மேலத்தெருவுக்குப் போனார். இந்த உலகத்தில் அவரைச் சாமி என்று கூப்பிட ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்தப் பெயருக்குத் தான் லாயக்கில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் அதை இழக்க அவருக்கு மனசில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. தையலம்மாளுக்கு எதைச் சொல்வதானாலும் ஆண்டாள் வாய்வழியாகத்தான் சொல்லவேண்டும். அவளுடைய உதட்டசைவு ஒன்றுதான் தையலம்மாளுக்குப் புரியும். ஆண்டாளுக்கு அப்போது பதினாறு வயது.

தையலம்மாள் அவரைக் கண்டதும் பாயை உதறிப் போட்டு, சொம்பில் மோர் எடுத்துவந்தாள். அவள் நீட்ட, இவர் கை நீட்ட, சட்டைப்பையில் ஸ்லைடு இருமியது. பத்து வருஷமாக எதுவும் கேளாத தையலம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு உள்பக்கம் திரும்பி, தினம் சொல்கிற ஒன்றைப் போலச் சொன்னாள்: "ஆண்டாளு, ஒங்கம்மா இருமுறா. வெந்நீ வையி."

ஆண்டாள் வெந்நீர் வைத்தாள். பாஸ்கல் பாயில் உட்கார்ந்து, ஸ்லைடை எடுத்துத் தையலம்மாள் கையில் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஆண்டாளிடம் சொன்னார். மூடிகள், தேர், ஊசி, காது. திரும்ப வந்த இரண்டு தடவையையும் சொன்னார். ஆண்டாள் அடுப்பு முன்னால் குந்தியபடி கேட்டாள். அழவில்லை.

"ரெண்டாவது வாட்டி வந்தப்போ நானும் கூட வந்தேன்" என்றாள். "நீங்க எங்கம்மாவ நிமுந்தே பாக்கல."

"ஆமா" என்றார் பாஸ்கல்.

அவள் எழுந்து தையலம்மாள் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துச் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பாஸ்கல் காத்திருந்தார். அப்படி நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. தையலம்மாள் தன் இடது புஜத்தை, ஊசி குத்திக் குத்திக் கல்லாகிப்போன இடத்தை, தடவிப் பார்த்தாள்.

"அப்போ எனுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். கொஞ்சம் கழித்து, "அவ ஊசியத்தான் நான் போட்டுக்கினனா?" என்று கேட்டாள்.

பாஸ்கல் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பாவம் தன்னுடையது மட்டும்தான் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டார். அதை இறக்கிவைக்க வந்த இடத்தில், ஒரு பாவமும் அறியாதவள் அதில் பாதியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இல்லம்மா, உங்க தப்பு ஒண்ணுமில்ல என்று அவர் சொன்னார். அது அவளுக்குக் கேட்கவில்லை. ஆண்டாளைச் சொல்லச் சொன்னார். ஆண்டாள் சொன்னாள், தையலம்மாள் உதட்டைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைநாட்டு வைத்தாள். ஆண்டாள் கையெழுத்துப் போட்டாள். ஸ்லைடைத் திருப்பிக் கேட்டபோது மட்டும் தையலம்மாள் கொடுக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டர் சிவப்பிரகாசம் ஆட்சேபிக்கவில்லை. நோயாளி வீட்டில் உள்ளது என்று இதரக் கட்டத்தில் எழுதிக்கொண்டு காரைக்கால் பக்கம் போய்விட்டார்.

சுற்றறிக்கை 1981இல் வந்தது. வில்லியனூரிலிருந்து வடக்கே எங்கெங்கோ இருக்கிற ஊர்கள் வரை, புட்டியின் உடம்பில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் நம்பர் எழுதினார்கள். எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்று கணக்கில்லை; பிழைத்தவர்களுக்குத் தாங்கள் பிழைத்தது தெரியாது. பாஸ்கலுக்கு ஒரு விசாரணையும் மூன்று வருஷம் சம்பள உயர்வு நிறுத்தமும் கிடைத்தன. குறைச்சல்தான் என்று அவர் நினைத்தார். பொங்கலுக்குக் கரும்பு வரவில்லை. தையலம்மாள் தெருவில் பார்த்தால் சாமி என்று கூப்பிடவில்லை, பாஸ்கலு என்று கூப்பிட்டாள். அமுதம் திவசத்துக்கு அவள் பட்டினி கிடக்க ஆரம்பித்தாள், அன்று பாஸ்கலும் சாப்பிடுவதில்லை.

ஸ்லைடு அவள் வீட்டு மாடத்தில் இருமிக்கொண்டிருந்தது. இருமும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தம்ளர் வெந்நீர் வைப்பார்கள், சாயங்காலத்துக்குள் அரைத் தம்ளர் குறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை, நோவுக்காரி குடிக்காமல் இருப்பாளா என்றார்கள். எண்பத்தி நாலில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் பாஸ்கல் சைக்கிளை நிறுத்தி, வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆண்டாளிடம், இதை நிறுத்த ஏதாவது வழி தேடிப் பார்க்கட்டுமா, அமுதத்துக்கும் ஓய்வு வேண்டாமா என்று கேட்டார்.

"நிறுத்திட்டா, அப்பறம் எங்க பெரிம்மா எத்தக் கேக்கும்?" என்றாள் ஆண்டாள்.

அது சரிதான் என்று பாஸ்கல் சொன்னார். அன்று சளிப்புட்டிகள் பன்னிரண்டு காத்திருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்.