ஒரு தடவை மூடினால்

“எனக்கு” என்றாள் அக்கா. அதோடு லேப்டாப் நின்றுவிட்டது.

எனக்கு என்றால் என்ன? தண்ணீர் வேண்டுமா, முதுகு வலிக்கிறதா, உங்கள் இரண்டு பேரையும் பார்த்தாலே எரிச்சலாக வருகிறதா? திரையில் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சம் பாதி வழியில் ஒரு கட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. அக்காவின் விரலுக்கடியில் ஒட்டிவைத்திருந்த பட்டன் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அவள் அழுத்துகிறாள், அது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் ஓய்ந்துபோனது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் விசிறி மட்டும் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

அக்காவின் உடம்பில் அவள் சொன்னதைக் கேட்பது அந்த ஒரு விரலும் இரண்டு கண்ணிமைகளும்தான். நரம்பில் வந்த நோய் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பேச்சு குழற ஆரம்பித்தபோதே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மா வழி சொன்னார். குரல் போவதற்கு முன்னால் வேண்டியதையெல்லாம் பேசிப் பதிவு செய்துவைத்துக்கொண்டால், பிற்பாடு பட்டனை அழுத்தி அதையே பேசவைக்கலாம். அதற்கென்று ஒரு சின்ன கம்பெனி செய்த ப்ரோக்ராமும் கொடுத்தார். திரையில் கட்டத்துக்கு ஒரு பேச்சு, நகரும் வெளிச்சம் வேண்டிய கட்டத்துக்கு வரும்போது பட்டனை அழுத்தினால் அது பேசும். அக்கா படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்துப்போய் நாள்கணக்காகப் பேசினாள். தலையணையைத் தூக்கி வைங்க. லைட்டை அணைங்க. யாரு வந்திருக்கா? பொய் சொல்லாதீங்க. பொய் சொல்லாதீங்க என்பதை மட்டும் பல விதமாகச் சொல்லி வைத்துக்கொண்டாள். அத்தானைக் கட்டிக்கொண்டவளுக்கு அது தேவைப்படும்தான்.

வேலைக்குப் போன காலத்தில் அக்கா குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். ஊரெல்லாம் தண்ணீர் வரவில்லை என்று அவளைத் திட்டும். அவள் ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் பதில் சொல்வாள். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவள் தொழில்.

அத்தானுக்கோ காத்திருப்பது என்றாலே ஆகாது. அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், இவர் பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் பயப்படுவதற்கு முன்பே இவர் பயந்து மிதித்துவிடுவார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பதற்றம் வந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். பேச்சிலும் அப்படித்தான். நாம் வாயைத் திறந்தால் மீதியை அவர் சொல்லி முடித்துவிடுவார்.

அக்காவின் குரல் லேப்டாப்புக்குள் போன பிறகு இது அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பேச்சு இருக்கிறது என்று எழுதியிருக்குமல்லவா, மஞ்சள் வெளிச்சம் எதை நோக்கிப் போகிறது என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, அவள் அழுத்துவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவர் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டு, நான் எழுத்து அட்டையில் விரலை ஓட்ட, வேண்டிய எழுத்தில் இமைத்து இமைத்து, கட்டங்களில் இருக்கும் எழுத்தையெல்லாம் அழிக்கச் சொன்னாள். அழித்தேன். அன்றிலிருந்து திரையில் இருந்தது வெறும் கட்டங்கள். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு அசடு வழிய நின்றார். அன்று அக்கா கண்ணால் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை அழிக்கலாம்.

ஆனால் இந்த லேப்டாப்பை என்ன சொல்ல? நல்ல நாளிலேயே நொண்டும். திரையைக் கொஞ்சம் சாய்த்தால் இருட்டாகிவிடும். முக்கியமான நேரம் பார்த்து ‘அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்’ என்று நீலமாக உட்கார்ந்துகொள்ளும். வயிற்றில் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுக்கலாமா என்று அக்காவின் சம்மதம் கேட்க டாக்டர் வந்த அன்றும் அப்படித்தான் செய்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நாங்கள் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தோம். அவர் கிளம்பிப் போன பிறகு அது எழுந்து வணக்கம் சொன்னது. அந்த நேரத்தில் அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் உள்ளே இருப்பது அக்காவின் குரல்.

‘எனக்கு’ என்று நின்றுபோன அன்று சாயங்காலம் அத்தான் முடிவெடுத்துவிட்டு வந்தார். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். லேப்டாப்பில் குறை இல்லை, அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் இந்தப் பழைய மெஷினுக்குப் பாரம், அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பறக்கும் என்று அவர் சொன்னாராம். அப்டேட் வந்தாலும் நாம் சொல்லும்போதுதான் போடுமாம். அதன் அடையாளம் ஒரு பென்குயின் பறவை என்பதுவரை அத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். ப்ரோக்ராம் அதில் ஓடுமா என்று மட்டும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தால்தானே.

அக்காவிடம் கேட்டுவிடலாம் என்றேன். பதில் சொல்ல அவளிடம் இருந்தது இமைகள் மட்டும்தான். பேச வேண்டிய லேப்டாப் செத்தது போலக் கிடந்தது. ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. அது எங்கள் மூன்று பேருக்குள் இருந்த ஏற்பாடு. அத்தான் கட்டிலருகே குனிந்தார்.

“இந்தா பாரு, இத மொத்தமா மாத்தி வேற சிஸ்டம் போட்டுடலாம். இனிமே நிக்கவே நிக்காது. போட்டுடட்டுமா?”

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, நான் உள்ளே ஓடினேன். திரும்பி வரும்போது அத்தான் லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். சரின்னுட்டா என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எவ்வளவோ நாளாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொன்னால் பொய்.

ரிப்பேர்காரர் நல்ல மனிதர். பழையதை முழுக்க அழித்துத்தான் புதியதைப் போட முடியும், உள்ளே இருப்பதில் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஃபோட்டோக்கள், மருத்துவ ரிப்போர்ட், அக்கா குரல் இருக்கும் ஃபோல்டர் என்று அத்தான் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் குரல் எதற்கு என்று கேட்டதற்கு, “பாட்டு கேக்குற மாதிரிதான், அமுக்குனா சத்தம் வரும்” என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். வேறு ஏதாவது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், எல்லாம் எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டாராம். இதை அத்தானே பிற்பாடு என்னிடம் சொன்னார், இரண்டு மூன்று தடவை, வார்த்தை மாறாமல்.

லேப்டாப் திரும்பி வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஆன் ஆனது. விசிறிச் சத்தம் கூட இல்லை. அத்தான் அதைத் திறந்தும் மூடியும் அக்காவுக்குக் காட்டினார். பிறகு ப்ரோக்ராமைத் தேடினார். பிறகு நான் தேடினேன். பிறகு ரிப்பேர்காரருக்கு ஃபோன் போனது. அவர் வீட்டுக்கே வந்து பார்த்து, அக்காவின் விரலையும் அதன் கீழே இருந்த பட்டனையும் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அந்த ப்ரோக்ராம் இந்த சிஸ்டத்தில் ஓடாது. பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டாலும், செய்த கம்பெனி இப்போது இல்லை, புதிதாக டவுன்லோட் செய்ய வழியில்லை. அதே மாதிரி வேறொன்று தேடித் தருகிறேன், குரலெல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கட்டத்தில் போட்டு அடுக்கிவிடலாம் என்றார்.

“எது எந்தக் கட்டத்துல இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் இமைக்கவில்லை. இமைப்பாள், எல்லோரும் இமைப்பதுபோல. கேள்விக்கு இமைக்கவில்லை. பசிக்குதா என்றால் கூரை. திருப்பிப் படுக்க வைக்கட்டுமா என்றால் கூரை. எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு அ, ஆ என்று விரலை ஓட்டினேன். நம் மொழியில் எழுத்துக்கா பஞ்சம், கடைசிவரை போய்விட்டு முதலிலிருந்து மறுபடி வந்தேன். அவள் ஒன்றிலும் என்னை நிறுத்தவில்லை. இது நோயா கோபமா என்று டாக்டரைக் கேட்டதற்கு, அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இமையில் குறை தெரியவில்லை என்றார். கோபம் என்றால் எனக்குப் பயமில்லை. சின்ன வயதில் என்னோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள்தான். ஆனால் அப்போதெல்லாம் கதவை அறைந்து சாத்துவாள், தட்டை நங்கென்று வைப்பாள். சத்தமே இல்லாத கோபத்தை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தான் டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஃபைல்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, நீள நீளமாக எண்கள். ஒன்றை அழுத்தினார். “ஃபேனைக் கொறைங்க” என்றது அக்காவின் குரல். அத்தான் எழுந்து ஃபேனைக் குறைத்துவிட்டு வந்தார்.

“நீ சொல்ல நெனச்சது இதா?”

கூரை.

அடுத்தது. “அவளுக்கு ஃபோன் போட்டீங்களா?” அவள் என்றால் நான். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அடுத்தது. “வலிக்குது.” அத்தானின் கால் தரையை மிதித்தது. எங்கே வலிக்கிறது என்று பதறிக் கேட்டார். கேட்ட பிறகுதான் அது எப்போதோ பேசிய பேச்சு என்று உறைத்தது. இப்படியே வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்வரை போனது. நல்ல குரல் அக்காவுக்கு. குழறல் தொடங்கிய பிறகு பேசியதால் ‘ர’ மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். நடுநடுவே அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம், நாற்காலி கிறீச்சிடும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி ஹாரன். இவ்வளவு நாளில் நாங்கள் கேட்டிராத பேச்சுகளும் வந்தன. பட்டனை அழுத்தி அவள் ஒருநாளும் சொல்லாதவை. “போதும், ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க.” அதை எந்த நாளுக்கென்று எடுத்து வைத்திருந்தாளோ. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அத்தான், நிறுத்துங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“இன்னும் ஒண்ணு” என்றார். அழுத்தினார்.

“உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்றது அக்காவின் ஆபீஸ் குரல், அச்சடித்தது மாதிரி. “தயவுசெய்து காத்திருக்கவும்.”

அதற்குப் பிறகு, ஃபைல் முடிவதற்குள், அவளே அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாதிச் சிரிப்பில் அறுந்துவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியில் அழுகையாக மாறியது. அத்தான் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடித் தரையில் வைத்தார். நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டு, அவள் பார்வை படும் இடத்தில் தன் முகம் வரும்படி குனிந்தார். கூரைக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது அவர் முகம் இருந்தது.

“அன்னைக்கு மாத்தட்டுமான்னு கேட்டேன்ல” என்றார். “நீ ஒரு தடவ கண்ண மூடுன. நான் உடனே எந்திரிச்சிட்டேன். நான் அந்தப் பக்கம் திரும்புன பெறகு, ரெண்டாவது தடவையும் மூடுனியா?”

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவரையே பார்த்தாள்.

கண்ணை மூடித் திறந்தாள்.

அத்தானின் வாய் எதையோ சொல்லத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. வலது கால் தரையை மிதித்தபடி நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. அக்காவின் இமைகள் திறந்தே இருந்தன. இரண்டாவது தடவையும் மூடுகிறாளா என்று நானும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.